வரையாத கோடு

எதைச் சொல்லாமல் விடுவது என்பதுதான் கதை எழுதுகிறவனுக்குப் பெரிய சங்கடம். அந்தச் சங்கடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோல்ஸ் பிலிப்ஸ் என்ற அமெரிக்கச் சித்திரக்காரரின் ஞாபகம் வரும்.

ஒஹாயோவில் 1880-ல் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு நியூயார்க்குக்கு வந்தார். சொந்தமாக ஒரு விளம்பர நிலையம் வைத்துப் பார்த்தார். 1906-ல் அங்கே வேலை செய்த ஓவியர்களில் ஒருவர், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற எட்வர்ட் ஹாப்பர்! நிலையம் நிலைக்கவில்லை. அப்புறம் 'லைப்' என்ற ஹாஸ்யப் பத்திரிகையில் சேர்ந்தார்.

1908-ல் அதன் அட்டையில் அவருடைய பெண் வந்தாள். அந்தப் பாணிப் படங்களில் கவுனுக்கும் பின்னணிக்கும் ஒரே நிறம். நடுவே எல்லைக் கோடு கிடையாது. முகம், கை, காலணி, துணியில் சிதறிய சில பூக்கள், இவ்வளவுதான் காகிதத்தில் இருக்கும். இடுப்பையும் பாவாடையின் விளிம்பையும் நம் கண்ணே போட்டுக்கொள்ளும். பார்த்தால் சோம்பேறியின் வேலை என்று தோன்றும். ஆனால் அந்தப் பூக்கள் இடம் மாறி விழுந்தால் பெண் காற்றோடு கரைந்துவிடுவாள்.

விளம்பரக்காரர்கள் விடுவார்களா? கரண்டிக்கும் காலுறைக்கும் படம் கேட்டு வந்தார்கள். காலுறைப் படங்களில் காலை மட்டும் அவர் மறையவிடவில்லை. வியாபாரம் தெரிந்த மனிதர்!

1924-ல் சிறுநீரகத்தில் க்ஷயரோகம் கண்டது. 1927 தொடக்கத்தில் கண்ணும் கைவிட்டது. தூரிகையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். அந்த ஜூன் மாதமே காலமானார். வயது 46.