பேங்க் என்றால் பெஞ்சு

"ஆத்தங்கரையும் பேங்க், நீங்க வேலை பார்க்கறதும் பேங்க், ஏம்ப்பா?" டெல்லியில் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் என் பெண் கேட்டாள்.

ஆற்றங்கரை பேங்க், ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நம்ம பேங்க் இத்தாலி சரக்கு. அங்கே 'பாங்க்கா' என்றால் பெஞ்சு. காசு மாற்றுகிறவர்கள் சந்தையில் பெஞ்சு போட்டு உட்கார, தொழிலுக்கே அந்தப் பேர் நின்றுவிட்டது. (ரொம்பப் பின்னால் போனால் இரண்டுக்கும் ஒரே ஜெர்மானிய வேர். தூரத்துச் சொந்தம்!)

'பாங்க்கா ரோட்டா', அதாவது உடைந்த பெஞ்சு, பேங்க்ரப்ட் ஆனது. நொடித்தவனின் பெஞ்சை நிஜமாகவே உடைத்தார்கள் என்பார்கள். நான் நம்பவில்லை.

நம்ம சென்னையில் உடைந்த பெரிய பெஞ்சு அர்பத்நாட் கம்பெனி, 1906 அக்டோபரில். ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போச்சு. முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்தச் சூட்டோடு, வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று 1907-இல் நம்மவர்களே போட்ட பெஞ்சுதான் இந்தியன் பேங்க்.