கூப்பனும் ஊசியும்
யுத்தகால இங்கிலாந்திற் பழைய உடையின் வரலாறு

கந்தையானாலும் அதைக் கசக்கிக் கட்டவேண்டுமென்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அக்கந்தை எவரிடம் எத்தனை இருக்கிறது என்பதை அப்பழமொழி கேட்பதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய அரசாங்கமும் ஏறக்குறைய இதே புத்திமதியைத் தன் குடிமக்களுக்கு அச்சிட்டு வழங்கியது. அந்த வரலாற்றை ஆராயப் புகும் நமக்குப் பழமொழி கேளாமல் விட்ட கேள்வியே முதற் கேள்வியாக அமைகின்றது.

1941ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அன்றைய வர்த்தக அமைச்சர் ஒலிவர் லிற்றெல்டன் வானொலியிற் பேசினார். உடைப் பங்கீடு உடனடியாக நடைமுறைக்கு வருகிறது என்பதே செய்தி. முன்கூட்டித் தெரிந்தால் வசதியுள்ளோர் கடைகளை வாரிக்கொண்டு போவர் என்பதால் ஏற்பாடு முழுவதும் இரகசியமாகவே செய்யப்பட்டிருந்தது. உடைக்கெனத் தனிக் கூப்பன்கூட அப்போது கையில் இல்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்திற் பயன்படாதிருந்த மாஜரின் கூப்பன்களையே துணிக்கடையிற் கொடுக்கும்படி மக்கள் பணிக்கப்பட்டனர். மாஜரினைக் கொடுத்து மேலங்கி வாங்கும் விந்தையைப் பற்றி அக்காலத்து மக்கள் சிரித்திருக்கவே வேண்டும். ஆயினும் காரணம் சிரிப்புக்குரியதன்று. ஆலைகளும் தொழிலாளரும் யுத்த உற்பத்திக்குத் திருப்பப்பட்டிருந்தனர்; கடல்வழியே வரவேண்டிய பஞ்சுக்குக் கப்பலில் இடமில்லை; சனத்தொகையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் ஏதோ ஒரு சீருடைக்கு உரித்துடையோராய் இருந்தனர்.

முதலாண்டில் ஆளுக்கு 66 கூப்பன் வழங்கப்பட்டது. ஆண்மகனின் முழுச் சூட்டுக்கு 26, சாதாரண சேட்டுக்கு 5, சப்பாத்துச் சோடிக்கு 7, பெண்ணின் கம்பளிச் சட்டைக்கு 11, பருத்திச் சட்டையானால் 7 என்று கணக்கிடப்பட்டது. ஆலை முதலாளிக்கும் அவரது ஆலையின் வாயிலைக் கூட்டுபவருக்கும் ஒரே தொகை. சமத்துவம் என்ற சொல்லை விரும்பும் நாம் இதைக் கண்டு மகிழ இடமுண்டு. ஆனால் கூப்பன் தந்தது வாங்கும் அனுமதியை மட்டுமே. விலையை வழக்கம்போலப் பணமே கொடுக்கவேண்டியிருந்தது. பத்தாண்டு உழைக்கும் உயர்ந்த கம்பளி மேலங்கியும், அடுத்த மாரிக்குள் நைந்துபோகும் மலிவான மேலங்கியும் ஒரே எண்ணிக்கையான கூப்பன்களையே விழுங்கின. பங்கீடு தொடங்கிய காலையில் ஒருவரின் அலுமாரியில் இருபது சூட்டுகள் தொங்கின. இன்னொருவரிடம் உடுத்திருந்ததும் கொடியிற் காய்ந்ததுமே இருந்தன. இவ்விருவருக்கும் 66 என்ற எண் ஒரே பொருளைத் தருமா? பணமின்மையாற் கூப்பனைப் பயன்படுத்த முடியாத ஏழைகள் அதைச் சட்டவிரோதமாக வசதியுள்ளோருக்கு விற்றனர் என்பதையும் வரலாறு பதிந்துவைத்திருக்கிறது.

பழைய உடையைத் திருத்தி உடுத்தல் யுத்தத்தின் கண்டுபிடிப்பு அன்று. இலண்டனின் லம்பெத் பகுதியில் வாரமொன்றுக்கு ஒரு பவுண் அளவில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை மோட் பெம்பர் றீவ்ஸ் அம்மையார் முதலிய பேபியன் பெண்கள் நேரிற் சென்று ஆராய்ந்தனர். 1913இல் நூலாக வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, உடைக்கென ஒதுங்கிய சிறுதொகையிற் பெரும்பங்கைப் பிள்ளைகளின் சப்பாத்தே விழுங்கியது. மற்றவை பழையவையாகவே வந்தன: மூத்தவனின் சட்டை இளையவனுக்கு, தாயின் பாவாடை மகளுக்கு, சந்தையில் வாங்கிய எவரோ ஒருவரின் மேலங்கி தகப்பனுக்கு. திங்களன்று அடைவுகடைக்குப் போன ஞாயிறு உடை சனியன்று மீண்டுவந்தது. இவ்வறிவு தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளப் பெண்களின் விரல்களில் இருந்தது. அப்போது எவரும் அதை நாட்டுப்பற்று என்று அழைக்கவில்லை. வறுமை என்றே அழைத்தனர்.

1943இல் வர்த்தக அமைச்சு ஒரு சிறுநூலை வெளியிட்டது. ‘இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை’ என்பதே அதன் தலைப்பின் பொருள். விலை மூன்று பென்ஸ். முன்னுரை எழுதியவர் அப்போது அமைச்சராயிருந்த தொழிற்கட்சியைச் சேர்ந்த ஹியூ டால்ற்றன். ஊசியும் நூலும் ஏந்திய ஒரு பொம்மைப் பெண் சுவரொட்டிகளில் தோன்றி இல்லத்தரசிகளுக்குப் பாடம் புகட்டினாள். மாலைநேரத் தையல் வகுப்புகள் ஊரூராக நடைபெற்றன.

கற்பிக்கப்பட்ட நுட்பங்கள் எளியவை. ஆனால் அவற்றினுள்ளே நெடுங்கால அனுபவம் இருக்கின்றது. சேட்டில் முதலில் தேய்வது கழுத்துப்பட்டியின் மடிப்பு. அதைக் கவனமாகப் பிரித்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் தைத்தால் அந்தச் சேட்டு மேலுங் கொஞ்சக் காலம் உழைக்கும். திருப்பியதும் தேய்ந்தபின், காற்சட்டைக்குள் மறையும் பின்பகுதியிலிருந்து துணியை வெட்டிப் புதுக் கழுத்துப்பட்டியும் கைப்பட்டியும் அமைக்கலாம். வெட்டிய இடத்தில் எந்தத் துணியை ஒட்டினாலென்ன, காண்பார் எவர்? அதுவும் முடிந்தபின் முதுகுப்பகுதி பெண்ணுக்கு மேற்சட்டையாகவோ குழந்தைக்கு உடுப்பாகவோ மாறும். கைக்குழி கிழிந்த ஒரு சட்டையும் பாவாடைப்பகுதி நைந்த இன்னொன்றும் சேர்ந்து இரு நிறமுள்ள ஒரு புதுச் சட்டையாகும். யுத்தமுனைக்குச் சென்ற கணவனின் சூட்டு மனைவியின் உடையாக வெட்டப்பட்டது. (திரும்பிவந்த கணவன் என்ன சொன்னான் என்பதைச் சிறுநூல் கூறவில்லை.)

பிள்ளை வளர்ந்ததும் சட்டையின் கரைமடிப்பை அவிழ்த்து நீளமாக்குவர். மடிந்திருந்த இடத்திற் பழைய கோடு வெளிறித் தெரியும். அக்கோட்டின்மேல் ஒரு பின்னல் நாடாவை ஓட்டினால், அல்லது நிறநூலால் இரண்டு வரி நூலோட்டம் தைத்தால், குறை தெரியாது. பார்ப்பவர் அதை அலங்காரமென்றே எண்ணுவர். முழங்கைக் கிழிசலில் வைத்த ஒட்டு இலை வடிவில் வெட்டப்பட்டால் அது ஒட்டாகத் தோன்றாது. பழைய உடைகளில் நாம் காணும் பூவேலையிற் பல இவ்வாறு பிறந்தவையே. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் நகைக்கக்கூடாது என்ற தாயின் கவலை அவ்விலையின் ஓரத்தையலில் இருக்கிறது. வறியவருக்கு அழகு எதற்கு என்று கேட்போர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இவ்விடத்தில் சட்டத்தின் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். 1942இல் வந்த சிக்கன விதிகள் ஆலைகளுக்குப் பல தடைகளை விதித்தன. சட்டைப்பைகளும் பொத்தான்களும் கொசுவங்களும் எண்ணிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டன. பெண்களின் உள்ளாடைகளிற் பூத்தையலும் றேந்தையும் வைத்தல் கூடாதென்றாயிற்று. ஆண்களின் காற்சட்டை நுனி மடிப்பும் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1941இல் பங்கீடு தொடங்கியபோதே தையல் நூல், றேந்தை, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத நாடா ஆகியனவும், பழைய உடைகள் அனைத்தும் கூப்பனிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. ஆகவே ஆலை செய்யக்கூடாத அலங்காரத்தை அடுக்களை மேசையிற் செய்யத் தடையேதும் இருக்கவில்லை. ஆண்களோ காற்சட்டை மடிப்பு போனதற்கே பெரிதும் முறையிட்டனர். நீளங்கூடிய காற்சட்டையை வாங்கி வீட்டிலே மடித்துத் தைப்பித்து விதியை ஏய்த்தவர் பலர். தைத்தவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை. 1944இல் அரசாங்கமே அத்தடையை நீக்கிக்கொண்டது.

அத்தையற்காரியின் நாளையும் நாம் எண்ணிப்பார்த்தல் தகும். 1941 டிசெம்பரில் இயற்றப்பட்ட சட்டம், 20 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட மணமாகாப் பெண்களைத் தேசிய சேவைக்குக் கட்டாயமாக அழைத்தது. மணமான பெண்களும் பெருந்தொகையாகத் தொழிற்சாலைக்குச் சென்றனர். பகலெல்லாம் குண்டுக்கு மருந்து நிரப்பியவள், கடைவரிசையில் நின்று, சமைத்து, பிள்ளைகளை உறங்கவைத்தபின் இருட்டடிப்புத் திரைக்குப் பின்னாலிருந்து ஊசியை எடுத்தாள். அந்த நேரத்துக்குக் கூலியில்லை. எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. ஆலை நெய்யாது விட்ட துணியின் ஒரு பகுதியை அவளது உறக்கமே ஈடுசெய்தது.

அரசாங்கத்தின் செயல் அனைத்தையும் நாம் குறைகூற வரவில்லை. ‘பயன்பாட்டு உடை’ என்ற திட்டத்தின்கீழ் தரமும் விலையும் கட்டுப்படுத்தப்பட்டு, 1942 முதல் கொள்வனவு வரியும் நீக்கப்பட்டது. உறுதியான துணியில் ஒழுங்காக வெட்டித் தைத்த உடை தொழிலாளரின் கைக்கெட்டியது. தனியார் சந்தை அமைதிக் காலத்திற் கொடாததை யுத்தகாலத் திட்டமிடல் கொடுத்ததென்பது சிந்தித்தற்குரியது. பெண்கள் தொண்டர் சேவையினர் நடத்திய உடைமாற்று நிலையங்களிற் பிள்ளைகளுக்குச் சிறிதாய்ப்போன உடையைக் கொடுத்துப் பெரியதைப் பெற்றுக்கொள்ள முடிந்தது.

எவ்வளவு சமாளித்தாலும் ஒரு பொருளை ஊசியால் உண்டாக்க முடியவில்லை. அது இலாஸ்ரிக். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானிடம் வீழ்ந்ததும் மலாயாவின் றப்பர் நேசநாடுகளின் கையைவிட்டுப் போயிற்று. உள்ளாடையின் இடுப்புக்கு நாடாவும் பொத்தானும் வந்தன. எஞ்சிய இயற்கை றப்பருக்கு நேசநாடுகள் பெரிதும் நம்பியிருந்தது நமது நாட்டையே. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலே மரத்தின் ஆயுளைக் கருதாது இறுதிச் சொட்டுவரை பாலெடுக்கும் ‘கொலைவெட்டு’ நிகழ்ந்தது. இலண்டனில் ஒரு முழ இலாஸ்ரிக் கிடைக்காது வருந்திய பெண்ணும், விடியுமுன் வெட்டுக்கத்தியுடன் மரத்தடிக்குச் சென்ற தோட்டத் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியார். ஒரே யுத்தம் இருவரது நாளையும் ஆண்டது.

யுத்தம் 1945இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பர் தொடங்கி எட்டு மாதங்களுக்கு 24 கூப்பனே கிடைத்தது. 1947 பெப்ரவரியில் பாரிசில் கிறிஸ்ரியன் டியோர் கெண்டைக்காலைத் தொடும் அகன்ற பாவாடைகளை அரங்கேற்றினார். ஒரு பாவாடைக்குப் பல யார் துணி தேவைப்பட்டது. தொழிற்கட்சி அமைச்சர் ஸ்ராபோர்ட் கிறிப்ஸ் அந்த வீண்செலவைக் கண்டித்தார். இங்கிலாந்துப் பெண்களோ பழைய குட்டைப் பாவாடையைக் குறுக்கே வெட்டி, நடுவில் வேறு நிறத் துணிப்பட்டையை வைத்துத் தைத்து நீளமாக்கிக்கொண்டனர். சிறுநூலிற் கற்றது பாரிசு நாகரிகத்துக்கு உதவிற்று. இதனை அற்பத்தனம் என்று எள்ளுவோருடன் நாம் உடன்படவில்லை. ஆறாண்டு ஒட்டுப்போட்டவளுக்கு ஒரு நீண்ட பாவாடை வேண்டியிருந்தது.

1949 மார்ச் 15இல், அப்போதைய வர்த்தக அமைச்சர் ஹரல்ட் வில்சனின் காலத்தில், உடைப் பங்கீடு நீங்கியது. புகழ்பெற்ற உடையமைப்பாளர் 1942இல் பயன்பாட்டுத் திட்டத்துக்காக வரைந்து தைத்த மாதிரி உடைகளை வர்த்தக அமைச்சு அவ்வாண்டே விக்ரோரியா அல்பேட் நூதனசாலைக்கு வழங்கியது. அவை அங்கே பேணப்படுகின்றன. கழுத்துப்பட்டி திருப்பப்பட்ட சேட்டுகள் பெரும்பாலும் எஞ்சவில்லை. சேட்டு குழந்தையின் உடுப்பாகி, உடுப்பு துடைக்குந் துணியாகி, மீந்த கீலங்கள் சாக்கிலே கோக்கப்பட்டு வடஇங்கிலாந்து வீடுகளில் அடுப்பின் முன்னே கால்விரிப்பாய்க் கிடந்து தேய்ந்தன.