அகவிதய நார்நோயும் அதனை ஆராய்ந்தோரும்

ஒரு நோயின் வரலாறு அந்நோயைக் கண்டோரின் வரலாறுமாகும். கண்டவர் எவ்விடத்தில் நின்று கண்டார், எக்கருவி கொண்டு கண்டார், எவரைக் கண்டார் என்னும் மூன்றனையும் பொறுத்தே நோயின் உருவம் நூல்களில் இடம்பெறுகின்றது. இதற்குத் தக்கதொரு சான்று, ஆபிரிக்காவின் வெப்பமண்டல நாடுகளிற் காணப்படும் இருதய நோயொன்றின் வரலாறாகும். மருத்துவர் அதனை எண்டோமயோகார்டியல் பைப்ரோசிஸ் என்பர். தமிழில் அகவிதய நார்நோய் எனலாம். மருத்துவ நூல்கள் பலவும் அதனை அரிய நோய்களுள் ஒன்றாகவே எண்ணிவந்துள்ளன. அவ்வருமை எத்தன்மையது என்பதே இங்கு நோக்கற்பாலது.

இந்நோய் வாய்ப்பட்டோரின் இதயவறைகளின் உட்பரப்பிலே தடித்த வெண்ணிற நாரிழையம் படர்கின்றது. வலம், இடம் என்னும் ஈரறைகளுள் ஒன்றிலோ இரண்டிலுமோ இது நிகழலாம். அறையின் நுனிப்பாகம் நாரினால் நிரம்பிச் சுருங்க, வால்வுகளைத் தாங்கும் தசைகளும் அதனுட் சிக்குண்டு போகின்றன. வால்வுகள் செவ்வனே மூடாமையாற் குருதி பின்னோக்கிப் பாய்கின்றது, சோணையறைகள் பெருக்கின்றன, ஈரல் வீங்குகின்றது, வயிற்றினுள் நீர் கோத்துக்கொள்கின்றது. ஆயின், ஏனைய இருதய நோயாளரைப் போலன்றி, இவர்களுட் பலருக்குக் கால்கள் வீங்குவதில்லை. நோயாளரிற் பெரும்பாலார் சிறுவரும் இளைஞரும் ஆவர். ஏறக்குறைய யாவரும் வறியோர்.

உகண்டாவின் தலைநகராகிய கம்பாலாவில், முலாகோ வைத்தியசாலையிற் பணியாற்றிய வில்லியம்ஸ் என்னும் வைத்தியர், அந்நாட்டு மக்களின் இருதய நோய்கள் பற்றி 1938ஆம் ஆண்டில் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது மத்திய கிழக்கிற் பணிபுரிந்த ஆபிரிக்கப் போர்வீரரிடையே, காரணம் அறியப்படாத இருதயத் தளர்ச்சியைப் பெட்போர்ட், கொன்ஸ்ராம் என்னும் ஆங்கில வைத்தியர் இருவர் கண்டு, 1946இல் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் வெளியிட்டனர். பிறந்த மண்ணிலே பெரிதும் கருதப்படாத நோய், படைவீரராய் அயல்நாடு சென்றபொழுது ஐரோப்பிய வைத்தியரின் கருத்தை ஈர்த்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நோய்க்குத் தனியுருவம் வகுத்தவர் முலாகோவின் நோயியல் அறிஞர் ஜே. என். பி. டேவிஸ் ஆவார். அவர் நின்ற இடம் பிரேத பரிசோதனைக் கூடம். அவர்தம் கருவிகள் கத்தியும் நுண்காட்டியும். இருதயத் தளர்ச்சியால் இறந்தோரின் உடல்களைத் திறந்தபொழுது, வாதக்காய்ச்சலாலோ பிற அறியப்பட்ட நோய்களாலோ விளையாத நார்ப்படலம் இதயவறைகளைப் போர்த்திருக்கக் கண்டார். 1948இல் கிழக்காபிரிக்க மருத்துவ இதழிலே இதனை விரித்தெழுதினார். பின்வந்தோர் சிலர் இந்நோய்க்கு அவர் பெயரையே இட்டு வழங்கினர். ஆயினும் டேவிஸ் கண்டது நோயின் முடிவையேயன்றித் தொடக்கத்தையன்று. இறந்தோர் உடல் நோய் எங்குச் சென்று முடிந்தது என்பதைக் காட்டும். எவ்வாறு புறப்பட்டது என்பதைக் காட்டாது.

ஆகவே ஆராய்ச்சி பிரேதக் கூடத்தினின்றும் நோயாளர் விடுதிக்கு வரவேண்டியதாயிற்று. 1954இல் போல், வில்லியம்ஸ், டேவிஸ் ஆகிய மூவரும் சேர்ந்து லான்செற் இதழில் எழுதிய கட்டுரை, நோயாளரின் குறிகளையும் இறந்தபின் காணப்பட்டவற்றையும் இணைத்து நோக்கியது. நைஜீரியாவின் இபதான் நகரிலே ஏப்ரகாம்ஸ், பரி என்போர் நோயின் போக்கினைத் தொடர்ந்து கவனித்து 1965இல் வெளியிட்டனர். முலாகோவில் நோயியலாளர் ஹட், கொனர் ஆகியோருடன் இருதய வைத்தியர் கிருஷ்ண சோமர்ஸ், டார்பெலா முதலியோரும் கூடி 1967, 1968ஆம் ஆண்டுகளில் விரிவான கட்டுரைகளை வெளியிட்டனர். சோமர்ஸ் தென்னாபிரிக்காவிலே பிறந்த இந்திய வம்சாவளியினர். இவ்வாறு பல நாட்டவரும் பல துறையினரும் ஒரே வைத்தியசாலையிற் கூடி உழைத்தமையே அக்கால முலாகோவின் சிறப்பு. அதற்கு முன்னரே, 1959இல், இலங்கையரிடையேயும் இந்நோய் உண்டென நாகரத்தினம், திசாநாயக்கா என்போர் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் எழுதியிருந்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இக்கூட்டுறவு நெடுநாள் நிலைத்திலது. 1971இல் இடி அமீன் உகண்டாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1972இல் ஆசியர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மக்கெரேரேப் பல்கலைக்கழகத்து வெளிநாட்டு ஆசிரியர் பலரும் நீங்கினர். நோய் நீங்கவில்லை, நோயை நோக்கிய கண்களே நீங்கின. அதே காலத்திற் பாரிஸ் நகரிலே டியூபொஸ்ற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1971இல் நார்ப்படலத்தை உரித்தெடுத்து வால்வை மாற்றும் சிகிச்சையைச் செய்தார். இடர்மிக்க அச்சிகிச்சை சிலருக்கு வாழ்நாளை நீட்டித்தது. ஆயின் அதற்கு வேண்டும் வசதிகள் நோயாளர் வாழ்ந்த நாடுகளில் அரியவாகவே இருந்தன.

உகண்டாவின் அமைதியின்மை தணிந்தபின், முலாகோவில் ஆராய்ச்சி மீண்டும் தலைதூக்கியது. கால் வீங்காது வயிறு மாத்திரம் நீர் கொள்வது ஏன் என்னும் பழைய வினாவினை பிரியர்ஸ், ஹரியற் மயாஞ்சா-கிஸ்ஸா முதலியோர் 1996இல் லான்செற் இதழில் மீண்டும் எழுப்பினர். 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வறுமையும், குருதியில் இயோசினோபில் எனப்படும் வெண்குழியங்கள் மிகுதலும் இந்நோயோடு தொடர்புடையன எனக் காட்டியது.

காரணம் யாது என்னும் வினாவுக்குப் பலர் பலவாறு விடை கூறினர். குடற்புழு முதலிய ஒட்டுண்ணிகளால் இயோசினோபில் மிகுந்து இருதயத்தைத் தாக்குகின்றது என்பர் ஒருசாரார். மரவள்ளிக் கிழங்கையே பெரிதும் உண்டு புரதம் குறைந்த உணவினால் வருவதோ என உகண்டாவின் செசி 1996இல் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். கேரளக் கரையோரத்து மணலிற் சீரியம் என்னும் மூலகம் மிகுந்திருப்பதையும், அங்கும் இந்நோய் காணப்பட்டதையும் இணைத்துத் திருவனந்தபுரத்து வலியத்தானும் அவர் குழுவினரும் மற்றொரு கொள்கையை முன்வைத்தனர். இவற்றுள் ஒன்றேனும் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டிலது. மரவள்ளியை உண்போர் யாவரும் நோயுறுவதில்லை. புழுநோய் உள்ள நாடுகள் யாவற்றிலும் இந்நோய் இல்லை.

இந்நிலையில் ஆராய்ச்சி மூன்றாவதோர் இடத்திற்கு நகர்ந்தது, அதுவே கிராமம். மொசாம்பிக் நாட்டின் கரையோரத்து இன்ஹாரிமே என்னும் பகுதியிலே, அந்நாட்டு இருதய வைத்தியர் அனா ஒல்கா மொக்கும்பி, பெரெய்ரா, சிடி, எகிப்திற் பிறந்த சத்திரசிகிச்சை நிபுணர் மக்டி யாக்கூப் ஆகியோருடன் இணைந்து ஆய்வு நடத்தினார். ஒலியலைகளால் இருதயத்தைப் படம்பிடிக்கும் கருவியைக் கிராமத்திற்கே கொண்டு சென்றனர். நோயாளரைத் தேடாது, எல்லா வயதினருள்ளும் எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த 1,063 பேரைப் பரிசோதித்தனர். 2008இல் வெளிவந்த முடிவு வியப்பூட்டுவதாயிற்று: 211 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 19.8 பேருக்கு, நோய் இருந்தது. 10 முதல் 19 வரையான வயதினரிடையே அவ்வீதம் 28.1. அந்த 211 பேருள் நோய்க்குறிகள் தோன்றியவர் 48 பேரே. எஞ்சியோர் தமக்கு நோய் உண்டென அறியாதே நடமாடினர்.

இம்முடிவை ஆபிரிக்கா முழுமைக்கும் பொருத்திவிடுதல் தவறாம். அஃது ஒரு வட்டாரத்தின் கணக்கு. குறியற்ற மென்னிலை நோயுடையோருள் எத்துணைப் பேர் கடும் நிலையை எய்துவர் என்பதும் நீண்டநாட் கவனிப்பினாலேயே துணியத்தக்கது. நைஜீரியாவிலும் கேரளத்திலும் இந்நோய் குறைந்துவந்ததாகவும் வைத்தியர் எழுதியுள்ளனர். எனினும் இன்ஹாரிமே ஆய்வு ஒன்றை ஐயமற விளக்கியது. நகரத்து வைத்தியசாலையில் இருந்து நோக்குவார்க்கு அரிதாய்த் தோன்றிய நோய், கிராமத்து வாயிலில் நின்று நோக்கினார்க்கு ஐவருள் ஒருவரிடம் காணப்பட்டது. ஆகவே அருமை என்பது எஞ்ஞான்றும் நோயின் இயல்பன்று. சிலபோது அது நோக்குவோரின் தூரமேயாம்.

டேவிஸ் பிரேதக் கூடத்தில் நின்றார். சோமர்சும் பரியும் நோயாளர் கட்டிலருகே நின்றனர். மொக்கும்பி வீட்டு வாயிலிலே நின்றார். ஒருவர் விட்ட இடத்தினின்றே மற்றவர் தொடங்கினர். முன்னையோர் இன்றேல் பின்னையோர்க்குத் தேடவேண்டியது யாதெனத் தெரிந்திராது. இவர்கள் பெயர்கள் இதழ்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. எக்கட்டுரையிலும் பெயர் குறிக்கப்படாத நோயாளரும், இறந்தபின்னும் தம் இருதயத்தாற் கற்பித்தவரும் இவ்வறிவிற்குச் சமபங்காளிகளாவர். டேவிசின் கட்டுரை வெளிவந்து எழுபது ஆண்டுகட்கு மேலாகியும் நோயின் காரணம் துணியப்படவில்லை. வறியோரின் நோய்க்கு ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கிடைத்தல் அரிது. அவ்வருமை நீங்கும் நாளிலேயே இந்நோயின் வரலாற்றுக்கு முடிவுரை எழுதல் கூடும்.