கொண்டையராஜு, சி.

சி. கொண்டையராஜு (1898–1976) தமிழ்நாட்டு நாள்காட்டி ஓவியத்தின் முன்னோடி. சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். கோவில்பட்டியில் குடியேறி அங்கேயே மறைந்தார். அவர் காலத்தில் அந்தக் கரிசல் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986-இல்தான் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயிற்று.

அவர் பயின்றது, அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில். உடற்கூறு, ஒளிநிழல், தூரக்காட்சி என்று பிரான்சில் புகரோ போன்ற ஓவியர்கள் தேர்ச்சி பெற்ற அதே ஐரோப்பிய முறையின் பாடங்களே இங்கும் அடிப்படை. பின்னர் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். அதன்பின் நாடகக் கம்பெனியில் காட்சித் திரை எழுதும் வேலை. 1940-களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் ஊர் திரும்பவில்லை.

அவரை உருவாக்கியதில் பள்ளிக்கு இணையான பங்கு நாடகத் திரைக்கும் உண்டு. தர்பார் மண்டபத்தின் தூண் வரிசை, நந்தவனம், அருவி விழும் காடு ஆகியவற்றைக் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரும் மெய்யென நம்பும்படி எழுத வேண்டும். பின்னாளில் அவருடைய தெய்வங்களுக்குப் பின்னே விரிந்த மண்டபங்களும் மலைகளும் இந்தத் திரைகளிலிருந்து வந்தவை. ஆனால் முன்னே நிற்கும் உருவம் வேறு இலக்கணம் உடையது. கன்னத்தின் திரட்சியும் பட்டின் மடிப்பும் ஐரோப்பியப் பயிற்சி. நேர்முகமாய்ப் பக்தனைப் பார்க்கும் கண்களோ கருவறையின் மரபு. ஓவியர் ரவிவர்மாவின் தேவியர் பெரும்பாலும் கதைக்குள் வாழ்பவர்கள். கொண்டையராஜுவின் தெய்வங்கள் பூசையை ஏற்க வந்து நிற்பவை. அவருடைய பெருமை இங்கேதான் இருக்கிறது.

கோவில்பட்டியில் அவரும் சீடர்களும் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினர். சிவகாசி அச்சகங்கள் அருகில் இருந்ததால் படங்கள் நாடெங்கும் பரவின. மீனாட்சி கல்யாணமும் கஜலட்சுமியும் புகழ்பெற்றவை. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், இராமலிங்கம் உள்ளிட்டோர் அவரிடம் கற்றனர். பல படங்களில் குருவின் பெயரோடு சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை, சீடர்களே குடும்பம்.

ஆண்டு முடிந்ததும் மக்கள் நாள்காட்டியின் தேதித்தாளையும் கடைப்பெயரையும் வெட்டி எடுத்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசையறையில் மாட்டினார்கள். அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தவர்களில் பலர் கீழே மூலையில் இருந்த கையெழுத்தைப் படித்ததே இல்லை.