விதர்பா விவசாயிகள்: மனத்துயருக்கு உதவி கேட்பதில் உள்ள தடைகள்

இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தின் கிழக்குப் பகுதியான விதர்பா, கரிசல் மண்ணும் பருத்தியும் நிறைந்த பிரதேசம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பெயர் விவசாயிகளின் தற்கொலைகளோடு சேர்த்தே பேசப்பட்டு வருகிறது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் வேளாண் துறையைச் சார்ந்த 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இவர்களில் 5,207 பேர் விவசாயிகள். 6,083 பேர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். மாநிலங்களின் வரிசையில் முதலிடத்தில் இருந்தது மகாராஷ்டிரா.

இந்த மரணங்கள் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் கடன், மழை, விளைபொருளின் விலை ஆகியவற்றைச் சுற்றியே நடைபெறுகின்றன. துயரத்தில் இருந்த விவசாயி யாரிடமாவது உதவி கேட்டாரா, கேட்டிருந்தால் அது கிடைத்திருக்குமா என்ற கேள்விகள் அந்த அளவுக்கு எழுப்பப்படுவதில்லை.

கடனும் மனமும்

விதர்பாவில் பருத்தியும் சோயாவும் பெரும்பாலும் மானாவாரிப் பயிர்கள். விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றைக் கடனில் வாங்கி விதைப்பது வழக்கம். பருவமழை தவறினாலோ, அறுவடை நேரத்தில் விலை சரிந்தாலோ, அந்தக் கடன் அடுத்த ஆண்டின் கடனோடு சேர்ந்துவிடுகிறது. வங்கி மீண்டும் கடன் தர மறுக்கும்போது, விவசாயி கூடுதல் வட்டிக்குத் தனியாரை நாடுகிறார்.

2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் விதர்பாவுக்குச் சென்ற அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங், ஆறு மாவட்டங்களுக்கு 3,750 கோடி ரூபாய் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். 2008இல் நாடு தழுவிய கடன் தள்ளுபடியும் வந்தது. ஆனால் அந்தத் தள்ளுபடி வங்கிகள் மற்றும் கூட்டுறவுச் சங்கங்களின் கடன்களுக்கு மட்டுமே பொருந்தியது. தனியாரிடம் பெற்ற கடன் அப்படியே நின்றது.

தொடர்ந்த நெருக்கடி உறக்கத்தைக் கெடுக்கிறது. பசி குறைகிறது. வேலையில் நாட்டமின்மை, எரிச்சல், குடிப்பழக்கம், எதிலும் நம்பிக்கையின்மை ஆகியவை பின்தொடர்கின்றன. இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் என்பதை விவசாயியோ அவரது குடும்பத்தினரோ அறிந்திருப்பது அரிது. கஷ்ட காலத்தில் எவருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றே அவர்கள் எண்ணுகின்றனர்.

தயக்கத்தின் காரணங்கள்

பெங்களூரில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை என்று கண்டறிந்தது. நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சை பெறாதவர்களின் விகிதம் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது.

கிராமப்புறங்களில் இதற்குப் பல காரணங்கள் உள்ளன. மனநல மருத்துவரிடம் செல்வது பைத்தியம் என்ற பட்டத்தைப் பெற்றுத் தரும் என்ற அச்சம் முதலாவது. அந்தப் பெயர் மகளின் திருமணத்தைப் பாதிக்கும் என்றும், கடன் கொடுத்தவர்களின் நெருக்குதலை அதிகரிக்கும் என்றும் குடும்பங்கள் அஞ்சுகின்றன. குடும்பத் தலைவர் கலங்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு ஆண்களின் வாயை அடைத்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் தொலைவு. இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் பணிபுரிகின்றனர். மாவட்டத் தலைநகருக்குச் சென்று வர பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் செலவாகும்.

மூன்றாவதாக, சட்டமும் நீண்டகாலம் தடையாக இருந்தது. தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகை செய்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, குடும்பங்கள் உண்மையை மறைக்கக் காரணமாயிற்று. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

முப்பது கிராமங்களின் அனுபவம்

இந்தத் தடைகளைத் தாண்ட முடியுமா என்பதைச் சோதித்த முயற்சிகளில் ஒன்று, விதர்பாவின் அம்ராவதி மாவட்டத்தில் 30 கிராமங்களில் மேற்கொள்ளப்பட்ட 'விஷ்ராம்' திட்டம். நோயாளி மருத்துவரைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் கிராமங்களுக்குள் சென்றனர். சிறு கூட்டங்களில் மனச்சோர்வு குறித்து விளக்கினர். துயரத்தில் இருப்போரை அடையாளம் கண்டு முதலுதவியாக ஆறுதலும் ஆலோசனையும் அளித்தனர். கூடுதல் உதவி தேவைப்பட்டவர்கள் ஆலோசகரிடமும், அதற்கு மேல் மனநல மருத்துவரிடமும் அனுப்பப்பட்டனர்.

இதன் முடிவுகள் 2017இல் 'லான்செட் சைக்கியாட்ரி' மருத்துவ இதழில் வெளியாயின. மனச்சோர்வு உள்ளவர்களில் உதவி நாடியவர்களின் விகிதம் 18 மாதங்களில் 4.3 சதவீதத்திலிருந்து 27.2 சதவீதமாக, அதாவது ஆறு மடங்காக, உயர்ந்திருந்தது. முந்தைய 12 மாதங்களில் தற்கொலை எண்ணம் ஏற்பட்டதாகக் கூறியவர்களின் விகிதம் 5.2 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்திருந்தது.

திட்டம் செயல்படாத கிராமங்களோடு ஒப்பிட்டு இந்த ஆய்வு நடத்தப்படவில்லை. எனவே மாற்றம் முழுவதும் திட்டத்தால் விளைந்தது என்று கூறிவிட முடியாது. உதவி வீட்டு வாசலுக்கு வந்த பின்னரும் நால்வரில் ஏறக்குறைய மூவர் அதை நாடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எனினும், கிராம மக்கள் மனநல உதவியை ஏற்கமாட்டார்கள் என்ற பரவலான கருத்துக்கு இந்த அனுபவம் மாறானது.

கணக்கில் வராதவர்கள்

உயிரிழந்தவர்களில் நிலம் உள்ள விவசாயிகளைவிடக் கூலித் தொழிலாளர்களே அதிகம் என்பதை 2022ஆம் ஆண்டின் புள்ளிவிவரம் காட்டுகிறது. கடன் தள்ளுபடி இவர்களை எட்டுவதில்லை. நிலப் பட்டா தங்கள் பெயரில் இல்லாத பெண்கள் வயலில் உழைத்தாலும் விவசாயிகளாகக் கருதப்படுவது குறைவு. கணவரை இழந்த பெண், கடனையும் பிள்ளைகளையும் தனியே சுமக்கும் நிலையில், அவரது மனநலம் குறித்துக் கேட்பார் எவருமில்லை.

தமிழ்நாடும் இலங்கையும்

மாவட்ட மனநலத் திட்டத்தை இந்திய அரசு 1996இல் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. சென்னையைச் சேர்ந்த 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதல் இயங்கி வருகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிமருந்துகளை வீடுகளில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பாதுகாக்கும் முயற்சியிலும் அதன் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஈடுபட்டார்.

இலங்கையில் தற்கொலை விகிதம் 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தை எட்டியிருந்தது. கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின்னர், இருபது ஆண்டுகளில் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. அந்தத் தடைகளால் விளைச்சல் வீழ்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தற்கொலை எண்ணம் பல நேரங்களில் குறுகிய காலமே நீடிப்பது. அந்த வேளையைக் கடக்க முடிந்தால், உதவி சென்று சேர அவகாசம் கிடைக்கிறது.

இரண்டும் தேவை

மனநலத்தைப் பற்றிப் பேசுவது அரசின் பொறுப்பை மறைக்கவே உதவும் என்ற விமர்சனமும் உண்டு. தற்கொலைகளை வேளாண் நெருக்கடியின் வெளிப்பாடாகவே பார்க்க வேண்டும் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் போன்றோர் நீண்டகாலமாக வலியுறுத்தி வருகின்றனர். ஆலோசனை எதுவும் பருத்தியின் விலையை உயர்த்தாது என்பது உண்மையே.

ஆனால் விலையும் கடனும் சீராக ஆண்டுகள் பல ஆகலாம். அதுவரை அந்த விவசாயி உயிரோடு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெருக்கடியில் உள்ள விவசாயிகளுக்கு அரசு நிதியுதவியுடன் இலவச நிதி ஆலோசனை வழங்கப்படுகிறது. கடன் பற்றிப் பேச வரும் ஒருவரின் மனத்துயரும் அங்கு கவனத்துக்கு வர வாய்ப்புண்டு. இந்தியாவிலோ கடன் பற்றிப் பேச வங்கி, துயரம் பற்றிப் பேச மருத்துவமனை என்று இரண்டும் வெவ்வேறு வாசல்களாக உள்ளன.

மகாராஷ்டிரா அரசு 2015இல் தொடங்கிய 'பிரேரணா' திட்டம், 14 மாவட்டங்களில் 'ஆஷா' சுகாதாரப் பணியாளர்கள் வழியாக விவசாயக் குடும்பங்களை அணுக முயன்றது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை இந்தியாவில் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.

தொலைபேசி எண்கள் தேவையானவையே. எனினும் துயரத்தின் உச்சத்தில் இருப்பவர் தாமாக அழைப்பது கடினம். அம்ராவதியின் 30 கிராமங்களில் முதலில் பேசியவர் விவசாயி அல்லர். அவர் வீடு தேடிச் சென்று நலம் விசாரித்த சுகாதாரப் பணியாளரே.