மருந்துச் சீட்டில் பிராண்டா, ஜெனரிக்கா? டாக்டர்கள் எதிர்த்தது ஏன்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளிக்கு உடம்பு சரியில்லை என்றால், இஎஸ்ஐ மருந்தகத்தில் மருந்துக்குக் காசு கிடையாது. ஆனால் 2017-ல் நிர்ணயித்த ரூ.21,000 சம்பள வரம்பைத் தாண்டியவரும், ஷிப்ட் முடிய இரவாகிவிட்டவரும் தனியார் கிளினிக்குக்குத்தான் போகணும். அங்கே டாக்டர் எழுதும் பெயரைப் பொறுத்துத்தான் மருந்துக்கடை பில்.

பாராசிட்டமால் என்பது மருந்தின் பொதுப்பெயர், அதாவது ஜெனரிக். டோலோ, கால்பால் எல்லாம் கம்பெனிகள் வைத்த பெயர். 'பட்டியல் எச்' மருந்துகளில் டாக்டர் பிராண்டு எழுதிவிட்டால், கடைக்காரர் அதே மருந்தை வேறு கம்பெனியில் மாற்றித் தர விதியில் இடமில்லை. (நடைமுறையில் மாற்றித் தருவது தனிக்கதை!)

2023-ல் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 2-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஜெனரிக் பெயரைக் கட்டாயமாக்கியது. மீறினால் லைசென்ஸ் சஸ்பெண்ட் வரை போகலாம். இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தது. 3 வாரத்தில், ஆகஸ்ட் 23-ல், விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன.

டாக்டர்கள் சொல்வது என்ன?

ஜெனரிக்கே வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. முதலில் தரத்தை உறுதி செய்யுங்கள் என்பதுதான் வாதம். பொதுப்பெயர் மட்டும் எழுதினால், எந்தக் கம்பெனி மாத்திரை என்பதை கவுன்ட்டரில் இருப்பவர் முடிவு செய்வார். அவர் லாபம் அதிகமுள்ளதை எடுத்துக் கொடுத்து, காய்ச்சல் குறையாவிட்டால் நோயாளி வந்து நிற்பது டாக்டர் முன்னால்தான். வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்றவற்றில் அளவு லேசாக மாறினாலே சிக்கல். அப்படிப்பட்ட மருந்துகளுக்கு அந்த விதிகளே விலக்கு கொடுத்திருந்தன.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுப்பெயரில்தான் மருந்து வாங்குகிறது. ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் தேறிய பிறகே வார்டுக்குப் போகும். 30 வருஷமாக ஜெனரிக் எழுதும் அரசு டாக்டருக்கு இந்தச் சண்டையே புதிராக இருக்கும். அந்தச் சோதனை தனியார் கடை மாத்திரைக்கும் இருந்தால், எதிர்க்கக் காரணம் குறையும்.

இப்போ நோயாளி என்ன செய்யலாம்?

2025 பிப்ரவரி 24-ல் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. இரண்டிலும் ஜெனரிக் மருந்து குறைந்த விலையில் கிடைக்கும். பிராண்டு பெயர் மட்டும் உள்ள சீட்டோடு போனால்தான் சிக்கல். அதனால் கிளினிக்கிலேயே, "பொதுப்பெயரையும் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கலாம். வலிப்பு மருந்து எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனியை மாற்ற வேண்டாம்.