குலசைக்கு வரும் ராக்கெட்

34 மீட்டர் உயரம், 120 டன் எடை. 500 கிலோ வரை விண்ணுக்குச் சுமக்கும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுக்கு இஸ்ரோ வைத்த முக்கிய நிபந்தனை வேகம். சில நாட்களில், சிலரே சேர்ந்து கோத்து ஏவிவிட வேண்டும். நாட்கணக்கும் ஆள்கணக்கும் திட்ட மேலாளரின் வேலை என்றுதான் நினைப்போம். இங்கே அவை ராக்கெட்டின் உடம்புக்குள்ளேயே இறங்கின. மூன்று அடுக்குகளிலும் திட எரிபொருள், அவற்றுக்கு ஏவுதளத்தில் எரிபொருள் நிரப்பும் வேலையே கிடையாது. ஆனால் பற்றவைத்த திட மோட்டாரை நினைத்த கணத்தில் அணைக்க முடியாது. ஆகவே கடைசியில் வேகத்தைச் சரிசெய்ய, மேலே ஒரு சிறு திரவ அடுக்கு.

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பயணம். மூன்று மோட்டார்களும் நன்றாகவே எரிந்தன. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வு எதிர்பார்த்ததைவிட அதிகம். வேகமாற்றத்தை அளக்கும் உணரிகள் ஒரு கணம் திணறின. அவை பழுதாகிவிட்டன என்று மென்பொருள் முடிவுகட்டியது. உண்மையில் அவை கெடவே இல்லை. இந்தத் தவறான முடிவால், 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் போக வேண்டிய செயற்கைக்கோள்கள், 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் சிக்கி அழிந்தன.

எனக்கு இந்தத் தோல்விதான் எஸ்எஸ்எல்வியின் வாழ்க்கையில் மிக முக்கியமான கட்டம். எந்தப் பாகமும் உடையவில்லை. பிழை, பாகங்களுக்கு நடுவே இருந்தது. அப்படிப்பட்ட பிழையைத் தேட முழு ராக்கெட்டையும் ஒன்றாகப் பார்ப்பவர் வேண்டும். ஏவும் நாளைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும்.

பிரிக்கும் கருவியை மாற்றினார்கள், மென்பொருளின் தர்க்கத்தைத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று வெற்றி. 2024 ஆகஸ்டில் இன்னொன்று.

அடுத்த சிக்கல், ஏவும் இடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே பறந்தால் இலங்கை குறுக்கிடும். வளைந்து போக எரிபொருள் செலவாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசை என்று அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே வெறுங்கடல். முத்தாரம்மன் தசராவுக்குப் பேர்போன இந்த ஊருக்கருகே 2,233 ஏக்கரில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2025இல் ஏவுமேடைக்குப் பூமிபூஜையும் நடந்தது.

அதே 2025இல் ராக்கெட்டின் தொழில்நுட்பத்தைப் பொதுத்துறை விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லுக்குக் கொடுக்க ஒப்பந்தமானது. வரைபடத்தை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். பாகங்களுக்கு நடுவே என்ன நடக்கும் என்ற அறிவை, கூட இருந்துதான் கற்க முடியும். அதனால்தான் இரண்டு ராக்கெட்டுகளை இஸ்ரோவின் துணையோடு எச்ஏஎல் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு நம்பிக்கை தருகிறது.